தொன் லிபோரியோவின் வியர்வை

அனியெல்லோ கடவுளை நம்பாதவன். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. காவல் புனிதரின் உறைந்த இரத்தம் இளகும் என்று சொல்லப்படும் நாளில் நேப்பிள்ஸ் முழுவதும் பேராலய வாசலில் முண்டியடிக்கும். அவன் எதிர்ச் சாரியில் காப்பிக் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பான். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இயற்பியல் படித்தவன். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய அவனுடைய அப்பா ஒரு நாள் பாரந்தூக்கியின் அடியில் நசுங்கிச் செத்தார். செத்தவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி எழுதிக் கைகழுவியது. மகன் படிப்பை விட்டான். கப்பல்காரர்களிடம் பொறுக்கிய ஆங்கிலத்தை வைத்துச் சுற்றுலா வழிகாட்டி உரிமம் வாங்கினான். இப்போது நாற்பத்தாறு வயது. எங்கள் சனித்தா பேட்டையில் அவனை விடப் பேர் வாங்கிய வழிகாட்டி கிடையாது.

அப்படிப்பட்டவன் ஏழு வருடமாக அற்புதம் தயாரித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னக் கோயில். அதன் அடியில் பாறையைக் குடைந்த நிலவறை. பழைய கொள்ளைநோய்க் காலத்தில் அடக்கம் செய்ய இடமில்லாமல் கொண்டுவந்து கொட்டிய எலும்புகள் அங்கே இருக்கின்றன. சுவரோரக் கல்மேடையில் நாற்பது மண்டை ஓடுகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. பேர் தெரியாத, யாரும் அழாத, மோட்சத்துக்கு முன் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து தவிக்கிற ஆன்மாக்கள் என்று எங்கள் பெண்கள் அவற்றைச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டைப் பொறுப்பெடுத்துத் துடைத்து, அடியில் பஞ்சுத் தலையணை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பதிலுக்கு ஓடு உதவ வேண்டும். கனவில் வந்து பேர் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுப்பதாக இருந்தால் ஓட்டில் வியர்வை பூக்கும். கொடுக்காவிட்டால் சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஓட்டுக்கு மாறிவிடுவார்கள். மேலிடத்துச் சாமியார்கள் இதை எப்போதோ தடை செய்தார்கள். எங்கள் பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கம்பெனி விற்கும் மூன்று நாள் பயணங்களுக்கு அனியெல்லோதான் வழிகாட்டி. வெள்ளிக்கிழமை கோட்டையும் கடைத்தெருவும், சனிக்கிழமை எரிமலையும் சாம்பலில் புதைந்த நகரமும், ஞாயிறு காலை நிலவறை, பிறகு அசுந்தாவின் கடையில் எண்ணெயில் பொரித்த பீட்சா, மதியம் விமான நிலையம். ஏழு வருடத்துக்கு முன் ஒரு புழுக்கமான நாளில் வெளிக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த எலும்பில் பட்டு நீராகப் படிந்தது. அன்று எல்லா ஓடுகளும் நனைந்திருந்தன; அனியெல்லோ விளக்கைக் காட்டியது முதலில் இருந்த ஒன்றின் மேல்தான். வந்தவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஊர் போய் அதைப் பற்றியே எழுதினார்கள். அடுத்த வாரம் வந்த குழு அதைக் கேட்டே வந்தது. அன்று எலும்பு காய்ந்து கிடந்தது. ஏமாந்த முகங்களைப் பார்க்கப் பொறுக்காமல் அனியெல்லோ அதற்கடுத்த வாரம் சட்டைப் பையில் ஒரு ஸ்பாஞ்சு வைத்துக்கொண்டு கால் மணி முன்னதாகக் கீழே இறங்கினான்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை, யாருக்கும் நஷ்டமில்லை என்று அவன் தன்னிடம் சொல்லிக்கொண்டான். நிலவறைச் சாவி அவனிடமும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடமும் இருந்தது. பயணக் கம்பெனியின் துண்டுத்தாளில் வியர்க்கும் ஓட்டின் படம் ஏறியது. அதே படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அசுந்தாவும் அந்த ஓட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் கனவில் அது தொன் லிபோரியோ, அதாவது லிபோரியோ ஐயா, என்று பேர் சொன்னதாம். அந்தப் பேரையும் அவன் தன் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டான். நன்றாக எடுபட்டது.

அசுந்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை, மகள் வடக்கே தூரினோவில். தெருமட்டத்து ஒற்றை அறை அவளுடைய வீடு. வாசலில் போட்ட எண்ணெய்ச் சட்டி அவளுடைய கடை. அனியெல்லோவின் மகளுக்கு ஞானத்தாய் அவள்தான். அவன் அவளை மரியாதையாகத் தோன்னா என்று கூப்பிடுவான். அவள் அவனை அனியே என்பாள், வாடா போடா என்பாள்.

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டென்மார்க்கிலிருந்து பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். சாயங்காலம் அவர்களை நடத்திக்கொண்டு வந்த அனியெல்லோ, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போக அசுந்தாவின் வாசலில் நின்றான். அவள் இடது கையால் மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் வலக் கையால் தட்டுகிறவள். கையில் என்ன என்று கேட்டான். வலக் கை கனக்கிறது, தூக்கினால் அக்குளில் இழுக்கிறது என்றாள். பிறகு மாவை விடாமலே மற்றதையும் சொன்னாள். அக்டோபரில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. படம் எடுக்க மூன்று மாதம் காக்க வைத்தார்கள். மார்ச் பதினொன்றாம் தேதி அறுவைக்கு நாள் கொடுத்தார்கள்.

"கூப்பிட்டாங்க, நான் போகல. எதுக்குப் போகணும்? ரெண்டு நாள் முன்னாடியே லிபோரியோகிட்ட கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க தோன்னா?"

"கத்தி வேணாம்னா வேர்த்துக் காட்டுன்னேன். சொட்டுச் சொட்டா எறங்குச்சுடா. நீயும்தான் பக்கத்துல நின்ன, அந்தச் சுவிஸ்காரங்களோட."

அனியெல்லோவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. காய்ந்த, குளிர்ந்த காலை. ஸ்பாஞ்சை ஒரு முறை வைத்து ஒற்றிவிட்டு, போதாது என்று நெற்றியில் இன்னொரு முறை பிழிந்திருந்தான். சுவிஸ்காரர்களுக்குப் பின்னால் அசுந்தா ஜெபமாலையோடு முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தான்.

அவள் மேலும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்து நேற்று மறுபடி கூப்பிட்டார்களாம். யாரோ வரவில்லை, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு இடம் இருக்கிறது, திங்கள் காலைக்குள் சரியென்று சொல்லாவிட்டால் இலையுதிர் காலம் வரை இடம் கிடையாது என்றார்களாம். கட்டி முன்னை விடப் பெரிசு. அதனால் அவளுக்கும் இப்போது கொஞ்சம் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை அவன் குழுவோடு இறங்கி, லிபோரியோவிடம் இன்னொரு தரம் கேட்டுவிடுவாள். வியர்த்தால் போக மாட்டாள். வியர்க்காவிட்டால் போவாள்.

"நீங்க போயிடுங்க தோன்னா. டாக்டர் சொல்றதக் கேளுங்க."

"நீ சாமிய நம்ப மாட்ட, டாக்டர நம்புவ. நான் ரெண்டு பேரையும் பாத்துட்டேன். டாக்டரு எங்கிட்ட நாலு நிமிஷம் பேசினாரு, அதுல மூணு நிமிஷம் கம்ப்யூட்டரப் பாத்து. லிபோரியோ என்னைக்காவது கடிகாரத்தப் பாத்திருக்காரா?"

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் உடம்பில் கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவளை ஐந்து மாதம் வரிசையில் நிற்க வைக்கிறது ஒரு நாடு. அதே வரிசையில் உள்ளே ஆள் தெரிந்தவர்கள் அவளைத் தாண்டிப் போகிறார்கள். நோயின் பேரைப் பாதி லத்தீனில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். அப்புறம் அவள் எலும்பிடம் போய்ப் பேசினால் மூடநம்பிக்கை என்கிறோம். எலும்பிடம் டோக்கன் வாங்க வேண்டாம். குறுக்கே பேசாது. பயத்தைச் சொல்லி முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருக்கும். படிக்காதவளை எலும்பிடம் துரத்தியது யார் என்று கேட்காமல் எலும்பை மட்டும் பழிப்பது சோம்பேறித்தனம். ஆனால் அனியெல்லோ படித்தவன். எலும்பு எப்படி நனைந்தது என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த இடத்திலேயே, அந்த எண்ணெய்ச் சட்டியின் முன்னாலேயே, ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. பௌல் என்ற உயரமான டேனிஷ்காரர் கேமராவோடு குனிந்து, இந்த அம்மாவை ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். அசுந்தா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். குழு நகர்ந்தது. அனியெல்லோ முன்னால் போய்க் குடையை உயர்த்திப் பிடித்து, அடுத்த சந்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

சனிக்கிழமை எரிமலை விளிம்பில் நின்று, கீழே எரிகுழம்பு எத்தனை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்கினான். வாய் தன் பாட்டில் பேசியது. மார்ச் ஒன்பதிலிருந்து நாளையோடு எழுபது நாள் என்று மனம் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டது. எழுபது நாளில் ஒரு கட்டி எவ்வளவு வளரும்? இறங்கி வரும்போது பௌல் பக்கத்தில் நடந்தார். பால் பண்ணை இயந்திரங்களில் வேலை பார்த்தவராம். ஓடு நாளைக்கு நிச்சயமாக வியர்க்குமா, அல்லது அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததா என்று விசாரித்தார். அந்தக் கணம்தான் அனியெல்லோவுக்கு ஒரு வழி தோன்றியது. நனைக்காமல் விட்டால் போதும். ஓடு காய்ந்திருக்கும், அசுந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள், எதையும் யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று பௌலிடம் சொன்னான். மார்பிலிருந்து ஒரு பாறை உருண்டது போல இருந்தது.

சாயங்காலம் வீட்டில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி மரிலேனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்பாஞ்சு விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். அசுந்தா விஷயம் தெரியாது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ நாளைக்கு நனைக்க மாட்ட. அவ்ளோதானா?"

"காஞ்சிருந்தா அவங்களே போயிடுவாங்க. நமக்கு வேண்டியது அதுதானே?"

"அந்த எலும்பு வாயால மார்ச்சுல ஒரு பொய் சொன்ன. நாளைக்கு அதே வாயால இன்னொண்ணு சொல்லப் போற. நம்ம பொண்ண ஞானஸ்நானத் தொட்டியில தூக்கிப் பிடிச்சவங்க அவங்க. அவங்க மூஞ்சியப் பாத்து உன் வாயால சொல்ல முடியாதா?"

சொன்னால் கடை வாசலில் நின்று கத்துவார்கள், பேட்டை முழுக்கத் தெரியும், கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். மரிலேனா தக்காளியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிறு காலை விடிந்தபோதே காற்று மாறியிருந்தது. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வரும் சிரோக்கோ. அது வீசுகிற நாளில் துணி காயாது, படிக்கட்டுகள் ஈரமாகும், உப்பு டப்பியில் உப்பு கட்டிப்படும், ஆட்கள் காரணமில்லாமல் சண்டை போடுவார்கள். அனியெல்லோ ஒன்பது மணிக்குத் தனியாக நிலவறைக்கு இறங்கினான். இரவெல்லாம் பூட்டிக் கிடந்த அறை குளுகுளுவென்று இருந்தது. விரலால் லிபோரியோவின் நெற்றியைத் தடவினான். காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் திருப்தி வரவில்லை. இன்னும் நன்றாகக் காயட்டும் என்று தெருப் பக்கத்து இரும்புக் கதவையும் பின்பக்கத்துக் காற்று வழியையும் அகலத் திறந்து வைத்துவிட்டுக் குழுவை அழைத்து வர ஹோட்டலுக்குப் போனான்.

இரண்டு வருடம் இயற்பியல் படித்தவன் செய்த வேலை இது. துணி காய ஜன்னலைத் திறக்கிற பழக்கத்தில் திறந்துவிட்டான். உண்மையைச் சொல்லாமல் தப்பிப்பது எப்படி என்பதிலேயே முழு அறிவும் செலவாகிவிட்டால் மிச்சத்துக்கு அறிவு எங்கிருந்து வரும்?

பத்து மணிக்கு எல்லோரும் இறங்கினார்கள். அசுந்தா கறுப்புப் பாவாடையும் கழுத்தில் தங்கச் சிலுவையுமாக, கையில் ஒரு கொத்து வெள்ளைப் பூவோடு வந்திருந்தாள். டேனிஷ்காரர்கள் அவளுக்கு வழி விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அனியெல்லோ விளக்கைத் தூக்கினான்.

லிபோரியோ நனைந்திருந்தார். நெற்றியில் முத்து முத்தாக நீர். கண் குழியின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, கீழே விழுந்தது.

டேனிஷ்காரர்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கேமராக்கள் உயர்ந்தன. அசுந்தா மண்டியிட்டாள். முகத்தில் இருந்த பயமெல்லாம் வடிந்து அது ஒரு சிறுமியின் முகம் போல ஆனது.

"பாத்தியா அனியே. ரெண்டாந் தரமும் சொல்லிட்டாரு. நாளைக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்."

இனி ஒளிய இடமில்லை. அவன் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பேச்சில், தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தான்.

"தோன்னா, அது காத்து. சிரோக்கோ. நான் கதவத் திறந்து வெச்சிட்டுப் போயிட்டேன். வெளிக்காத்துல இருக்கற ஈரம் குளுந்த எலும்புல ஒட்டிக்குது. உங்க ஐஸ் பெட்டியில இருந்து பீர் பாட்டில எடுத்து வெளிய வெச்சா வேர்க்கல? அதேதான்."

"லிபோரியோவ பீர் பாட்டிலுங்கறியா?"

"மார்ச்சுல வேர்த்தது காத்து கூட இல்ல. நான். நான்தான் ஸ்பாஞ்சு வெச்சு நனைச்சேன். ஏழு வருஷமா நான்தான் நனைக்கறேன்."

அசுந்தா அவன் பக்கம் திரும்பினாள். கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்காகப் பொய் சொல்றியாடா? அவ்ளோ பாசமா எம்மேல?"

சத்தியம் செய்தான். நம்பாதவன் சத்தியம் செய்வதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே நனைத்திருந்தாலும் அன்றைக்கு அவன் கையை நனைக்கத் தூண்டியது யார் என்று கேட்டாள்.  எந்த உண்மையைச் சொன்னாலும் அதையும் அற்புதத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணக்கை ஏழு வருடமாகத் திறந்து வைத்திருந்தவன் அவனேதான்.

விளக்கை அவள் கையில் கொடுத்தான். "மத்ததையும் பாருங்க," என்றான்.

அசுந்தா எழுந்தாள். லிபோரியோவுக்கு அடுத்த ஓட்டைக் கைக்குட்டையால் ஒற்றினாள். கைக்குட்டை நனைந்தது. அதற்கடுத்ததை ஒற்றினாள். அதுவும் நனைந்திருந்தது. விளக்கையும் பூக்கொத்தையும் வலக் கையில் தாழப் பிடித்துக்கொண்டு, இடக் கையால் ஒவ்வொன்றாக ஒற்றியபடி மேடை நெடுக நடந்தாள்.  இதுவும் சடங்கு என்று டேனிஷ்காரர்கள் நினைத்தார்கள். எல்லன் என்ற குள்ளமான அம்மாள் பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து, அசுந்தாவின் பின்னாலேயே பயபக்தியோடு ஒவ்வொரு நெற்றியையும் துடைத்துக்கொண்டு போனாள். பௌல் அதைப் படம் பிடித்தார். அனியெல்லோவால் அவர்களைத் தடுக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

நாற்பதும் நனைந்திருந்தன. அசுந்தா திரும்பி வந்து லிபோரியோவின் முன்னால் நின்றாள்.

"மார்ச்சுல நான் இங்க முட்டி போட்டுட்டு எந்திரிக்கும்போது இந்த அடுத்த ஓட்டு மேல கைய ஊணுனேன்," என்றாள் மெதுவாக. "கையில தூசிதான் ஒட்டுச்சு. அதப் பாவாடையிலயே துடைச்சிக்கிட்டேன். கறுப்புப் பாவாடையில வெள்ளையாத் தடம் விழுந்துச்சு." நனைந்த கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். "காத்துன்னா எல்லாம் நனையும். அன்னைக்கு ஒண்ணுதான் நனைஞ்சிருந்துச்சு."

ஆமென்று அவன் தலையை ஆட்டினான்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் தானே பார்த்து, தானே ஒப்பிட்டு, தானே முடிவுக்கு வந்தாள். அவளைப் போன்றவர்களுக்கு அறிவு போதாது என்று சொல்லித்தானே இத்தனை பேர் பிழைக்கிறோம்.

"எதுக்குடா?"

அனியெல்லோ டேனிஷ்காரர்கள் பக்கம் கண்ணைக் காட்டினான்.

"மூணு நாளைக்கு வந்துட்டுப் போறவங்களுக்காக." அவள் கத்தவில்லை. "நான் இங்கயேதானடா இருக்கேன்."

பூக்கொத்தை லிபோரியோவிடம் வைக்கவில்லை. வைக்காமல் எடுத்துப் போகவும் இல்லை. பக்கத்தில் நின்ற எல்லன் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள். எல்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறக்க முடியாத காலை என்று ஆங்கிலத்தில் அனியெல்லோவிடம் சொன்னாள். அவன் நன்றி சொன்னான். அந்த நன்றியைச் சொன்னதற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன் என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

சொன்னபடி அசுந்தா பதினான்கு பீட்சா பொரித்துப் போட்டாள். இடக் கையால் தட்டி, இடக் கையால் புரட்டி, ஆளுக்கொரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வழக்கமாக வழிகாட்டிக்கென்று ஒன்று தனியாக வைப்பாள். அன்று வைக்கவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சரியென்றாள். செவ்வாய்க்கிழமை அறுத்தார்கள். தூரினோவிலிருந்து மகள் வந்திருந்தாள். அனியெல்லோ தினமும் போய் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். உள்ளே போகத் துணிச்சல் வராது. மகளிடம் ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான். அசுந்தா மகளிடம் சொல்லியிருப்பாளோ, மாட்டாளோ என்று அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடித் தேடிப் பார்ப்பான். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. அது இன்னும் வதைத்தது.

இரண்டு வாரம் கழித்து, பரிசோதனை முடிவு சொல்கிற நாளில், மகள் பெஞ்சுக்கு வந்தாள். அம்மா உங்களையும் உள்ளே கூப்பிடுகிறாள் என்றாள். அறுவை செய்த டாக்டர் இளம் பெண். இரவு வேலை முடித்துக் கண் சிவந்திருந்தாள். இவர் யார், உறவினரா என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் அசுந்தா. "மார்ச்சுல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னீங்கல்ல, அத இவருக்கும் ஒரு தரம் சொல்லுங்க."

டாக்டருக்கு அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் சொன்னாள். மார்ச்சில் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், மார்பு தப்பியிருக்கும், அக்குளில் பரவியிருக்காது. இப்போது முழுவதையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் என்ன என்பதை அப்புறம்தான் சொல்ல முடியும். அனியெல்லோ கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டான். டாக்டர் போன பிறகு, தான் என்ன செய்தால் இது தீரும் என்று கேட்டான்.

"தீராது," என்றாள் அசுந்தா. "எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேணாம். எங்கிட்டச் சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லு. பூசை முடிஞ்சு வர்ற நேரத்துல, கோயில் வாசல்ல நின்னு."

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் நின்றான். கம்பெனிக்கு அதற்கு முன்பே உண்மையை எழுதிப் போட்டுவிட்டான். நிலவறைச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். பூசை முடிந்து நாங்கள் நாற்பது ஐம்பது பேர் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஏழு வருடமாக லிபோரியோவை நனைத்தவன் தான்தான் என்று உரக்கச் சொன்னான். கோயில்பிள்ளை நைசாக உள்ளே நழுவினார். ஆண்கள் சிலர் சிரித்தார்கள். ஒருவர் அவனைச் சாத்தான் என்றார். இன்னொருவர், கம்பெனிக்காரனோடு தகராறு, அதனால் கோயில் பேரைக் கெடுக்கிறான் என்றார். கூட்டம் மெல்லக் கலைந்தது.

பெண்கள் சிலர் மட்டும் போகவில்லை. அவர்களில் ஒருத்தி, சலவைக்கடை பிலோமேனா, முன்னால் வந்தாள். அவளை எங்களுக்கெல்லாம் தெரியும். அதிகம் பேசாதவள்.

"போன செப்டம்பர் பதினஞ்சு," என்றாள். "நானும் லிபோரியோகிட்ட ஒண்ணு கேட்டேன். அன்னைக்கும் நீதானா?"

எந்த வாரம் எந்தக் குழு என்று அவன் குறித்து வைக்கும் சின்ன நாட்குறிப்பு ஒன்று உண்டு. அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். பக்கங்களைப் புரட்டித் தேதியைத் தேடினான். தோன்னா பிலோமேனா, நீங்கள் என்ன கேட்டிருந்தீர்கள் என்று தலை நிமிராமல் விசாரித்தான்.

"அது உனக்கெதுக்கு? நனைச்சியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

செப்டம்பர் பதினைந்தாம் தேதிக்கு நேராக எழுதியிருந்தது: போலந்து, இருபது பேர், நல்ல கூட்டம்.

"நனைச்சேன்," என்றான் அனியெல்லோ.

பிலோமேனா தலைத் துணியை அவிழ்த்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.